அரிவாளில் தொங்கிய சாவி

தங்கராஜுவின் வேனில் ஒரு ரகசிய ஸ்விட்ச் இருந்தது. ராசா டவுனிலிருந்து போர்டிக்சன் வரைக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியாத தமிழர்கள் சொற்பம். ஓட்டுகிறவர் இருக்கைக்குக் கீழே, வலது பக்கம், கம்பளத்தைத் தூக்கினால் சிவப்பாக ஒரு பொத்தான். அதை அமுக்காமல் சாவியைத் திருகினால் இன்ஜின் இருமும், கிளம்பாது. வேனைப் பார்க்க வந்த ஒவ்வொருவரையும் தங்கராஜு குனியவைத்துக் காட்டினார். "இது யாருக்கும் தெரியாதுலா" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுவார்.

பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி புஷ்பவதி, "பேங்க் நம்பரும் வேணும்னா கேளுங்க, சொல்லுவாரு" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அந்த வேனில் அவளுக்கு இருந்த அக்கறை வேறு.

புஷ்பவதி மணல்மேட்டுத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிற அம்மாவும் அப்பாவும் இருட்டோடு எழுந்து வாசலுக்குப் போகும்போது, நடுவீட்டில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருத்தியின் காலை மிதித்துவிட்டுத்தான் போவார்கள். வரிசையில் கடைசியாகப் படுத்தவள் புஷ்பவதி. கல்யாணமாகி லோபாக்குக்குப் போனாள். அங்கே மாமனார் வீட்டில் ஓர் அறை மாமியாருக்கு, ஓர் அறை நாத்தனார்களுக்கு. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஹாலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். மின்விசிறி சுற்றினால் சேலை விலகும். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கும். அந்தக் காலத்தை நினைத்து நெகிழ்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "மானங்கெட்ட பொழப்பு" என்பதோடு முடித்துவிடுவாள்.

பிறகு செனவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கும், தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேனில் அவருக்கும் வேலை நிலைத்து, ராசாவில் ஒரு தரைவீடு வாங்கினார்கள். மூன்று அறைகள். ஒன்றில் மாமனார் மாமியார் இருந்து, வயதாகி, போய்ச் சேர்ந்தார்கள். அந்த அறை காலியான அதே மாதம் மகன் முகுந்தனுக்குப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்ததும் வேலை, வேலை கிடைத்ததும் கல்யாணம். இப்போது அதில் முகுந்தனும் ரோகினியும் இருக்கிறார்கள். இரண்டாவது அறை பேரப்பிள்ளைகளுக்கு. மூன்றாவதில் சாமி படங்களும், தங்கராஜுவின் ஸ்பேனர்களும், அவற்றுக்கு நடுவே தங்கராஜுவும். புஷ்பவதிக்கு ஹால். டிவி அணைகிற வரைக்கும் அவளுக்குப் படுக்கை கிடையாது. கடைசியாக வீடு திரும்புகிறவன் அவள் காலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். மிதிப்பதில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் வளர்ந்திருந்தது.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் ஊரைப் பார்த்துப் போனார்கள். ஏற்றிப் போகப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளி வேன் நின்றது. விற்றுத் தொலையுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கராஜு கைத்தொலைபேசியில் யாரோ வெள்ளைக்காரன் வேனுக்குள் முட்டை பொரித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, இதைக் கேம்பர்வேன் ஆக்கப்போகிறேன் என்றார்.

"முட்டை பொரிக்க வீட்ல அடுப்பு இல்லையா?" என்று கேட்டாள் புஷ்பவதி.

ஆனால் செய்துவிட்டார். பெஞ்சுகளைக் கழற்றி, பலகை அடித்து, ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கக் கதவுக்கு உள்ளேயிருந்து போடுகிற மாதிரி ஒரு தாழ்ப்பாள். அளவு பார்க்க ஒரு மதியம் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தாள். எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். மறுபடி படுத்தாள். சாயங்காலம்தான் கதவு திறந்தது. பச்சைப் பூப்போட்ட துணி வாங்கி வந்து திரைச்சீலை தைத்தாள். அதன் பிறகு அவள் அந்த வேனைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. தங்கராஜு அதைத் தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நிறுத்தத்தான் இடம் இல்லை. வீட்டு போர்ச்சில் முகுந்தனின் காடி நிற்கும். அது அவன் சம்பாதித்து வாங்கிய கார், வெயில் படக்கூடாது. வீட்டு முன்னால் ரோடு குறுகல். ஆகவே வேன் மணல்மேட்டுத் தோட்டத்துக்குப் போனது. அங்கே லயமெல்லாம் இடிந்துபோனாலும் முனியாண்டி கோவில் மட்டும் தளம்போட்டு, தகரம் மாற்றி, ஊர்க்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பக்தியில் செழிப்பாக இருந்தது. பக்கத்தில் பெரிய திடல். புஷ்பவதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், நினைத்தபோது ஒரு டிப்பன் கேரியரில் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போவாள். சாமிக்கு ஒரு கும்பிடு. பிறகு வேனுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

"என்னா அண்ணி, வீட்ல சண்டையா?" என்று கோவில் தலைவர் ரவிச்சந்திரன் ஒருநாள் கேட்டார்.

"இல்ல, தூக்கம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. மூன்று அறை வீட்டுக்காரி பஸ் ஏறி வந்து தூங்குவது அவர் அறிவுக்கு எட்டாத விஷயம்.

வண்டிக்குப் பூசை போட்டபோது ரவிச்சந்திரன்தான் முன்னால் நின்றார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சாமிக்குச் சுருட்டு, கோழி, வந்தவர்களுக்குப் பிரியாணி. வந்தவர்களில் பாதிப்பேர் யார் வீட்டு ஆள் என்று தங்கராஜுவுக்கே தெரியாது. தெரியாதவர்களுக்கும் குனியவைத்து ஸ்விட்ச்சைக் காட்டினார். காட்டுவதை யாரோ படமெடுக்க, அதை பேஸ்புக்கிலும் போட்டார்.

தங்கராஜு பாதுகாப்பில் குறை வைத்தவர் அல்ல. ஸ்டியரிங்குக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புத் தடி. முன்சக்கரத்துக்குப் பன்றிப் பொறி மாதிரி ஒரு பூட்டு. தொட்டால் அலறும் அலாரம். செம்பனை மட்டை விழுந்தாலும் அலறியதால், பூசைக்கு இடைஞ்சல் என்று பூசாரி சன்னாசி சொல்ல, அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். வேன் எங்கே போனாலும் கைத்தொலைபேசியில் காட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவி. இவ்வளவும் வண்டியில் இருக்கிறது என்று கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், வருகிற திருடனுக்கு என்னென்ன ஆயுதம் கொண்டுவர வேண்டும் என்று சிரமம் இல்லாமல் தெரிந்துகொள்ள.

சாவி விஷயம் இவற்றையெல்லாம் விடப் பெரியது. மணல்மேட்டில் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குப் பூசை போட்டால் இரண்டாவது சாவியை மஞ்சள் துணியில் முடிந்து முனியாண்டியின் அரிவாளில் கட்டிவிடவேண்டும். அடுத்த திருவிழா வரைக்கும் அது அங்கேதான் தொங்கும். தோட்டத்து லோரிக்கும் டிராக்டருக்கும் பூசை போட்ட காலத்தில் தொடங்கியது என்பார்கள். சாமி ராத்திரியில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, நோய்நொடி இருந்தால் எடுத்துவிடுமாம். கோவிலில் டாக்டரும் வக்கீலும் உறுப்பினர்கள். அவர்கள் சாவியும் அங்கேதான் தொங்கும். எதற்கு எது என்று குழப்பம் வரக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் பெயரும் வண்டி நம்பரும் எழுதிய அட்டை வேறு.

தங்கராஜு கட்டப் போனபோது புஷ்பவதி தடுத்தாள்.

"சாமிக்கு எதுக்குங்க சாவி? லைசென்ஸ் வெச்சிருக்காரா?"

"அண்ணி, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்றார் ரவிச்சந்திரன். "முனியாண்டி பார்த்துக்குவாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் நிப்பாரு. எறங்கி ஓடியா புடிக்கப் போறாரு?"

யாரும் காதில் வாங்கவில்லை. தங்கராஜு ஒருபடி மேலே போனார். ஸ்டியரிங் தடியின் சாவி, சக்கரப் பூட்டின் சாவி எல்லாவற்றிலும் இரண்டாவதை எடுத்து அதே வளையத்தில் கோத்தார். "செட்டா இருக்கட்டும்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை மதியம், புஷ்பவதி டிப்பன் கேரியரோடு பஸ்ஸை விட்டு இறங்கித் திடலுக்கு வந்தாள். வேன் நின்ற இடத்தில் மஞ்சளாய்ப் பழுத்த புல் மட்டும் இருந்தது. சக்கரப் பூட்டு அழகாகத் திறந்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தங்கராஜுதான் எடுத்துப் போனாரோ என்று முதலில் நினைத்தாள். எடுத்தால் சொல்லாமல் எடுக்கிற மனுஷன் இல்லை. சொல்லாமல் அவரால் எதுவும் செய்யமுடியாது.

சன்னாசி கோவிலுக்குள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சன்னாசி, வேன் எங்க?"

"சர்வீஸுக்குப் போயிருக்குக்கா. காலையிலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டானே."

"யாரு?"

"நீலச் சட்டை போட்ட பையன். அண்ணன்தான் அனுப்பிச்சாருன்னு சொன்னான். நல்ல பையன்க்கா. சாமிக்குச் சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டுத்தான் சாவியக் கேட்டான்."

"நீ குடுத்தியா?"

"அவனுக்கு எட்டலக்கா. நான்தான் ஸ்டூல் போட்டு அவுத்துக் குடுத்தேன்."

புஷ்பவதி அரிவாளைப் பார்த்தாள். மற்ற சாவிகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அவருக்கு ஒரு போன் அடிச்சிக் கேக்கமாட்டியா?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா அவன் நேரா ஏறி, கம்பளத்தத் தூக்கி, அந்த செவப்பு ஸ்விட்ச்ச அமுக்குனான்க்கா. ரகசிய ஸ்விட்ச்சு தெரிஞ்சவன் வெளியாளா இருப்பானா? வீட்டு ஆளுதான்னு விட்டுட்டேன்."

இதைவிடப் பெரியதும் இருந்தது. கோவில் பக்கத்து ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்த நாலைந்து பேர், பையன் வேனைத் திருப்பமுடியாமல் தடுமாறுவதைப் பார்த்து, தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, "கோஸ்தான், கோஸ்தான், இன்னும் கொஞ்சம் கோஸ்தான்" என்று ரிவர்ஸ் வரச்சொல்லிக் கைகாட்டி, கால்வாயில் இறங்காமல் பின்னால் எடுக்கவைத்து வழியனுப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிள் ஒன்றை நகர்த்தி வழிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். இந்த நாட்டில் வேறெந்தத் திருடனுக்கும் இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

புஷ்பவதி திண்டில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் செய்தாள். "வேன் போயிடுச்சு" என்றாள். போனை வைத்துவிட்டாள். தொலைந்தது வேன் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவளுக்கு அது ஒரு கதவு.

தங்கராஜுவும் ரவிச்சந்திரனும் ஒரே மோட்டாரில் வந்து சேர்ந்தார்கள். தங்கராஜு பதறவில்லை. கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். "எங்க போயிடுவான்? கருவி இருக்குல்ல." எல்லாரும் சுற்றி நின்றார்கள். திரையில் ஊரின் படம் விரிந்தது, நீலப்புள்ளி ஒன்று துடித்தது. தங்கராஜு உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ராசாவுலதான் இருக்கு. நம்ம ஜாலான்தான், நம்ம ரோடு. அட, நம்ம வீட்லதான்லா நிக்குது."

"கொண்டாந்து விட்டுட்டான் பாத்தீங்களா" என்றார் சன்னாசி. "முனியாண்டி சும்மா விடுவாரா?"

புஷ்பவதி வீட்டுக்குப் போன் அடித்தாள். ரோகினி வாசலில் போய்ப் பார்த்துவிட்டு, வேன் எதுவும் இல்லை அத்தை என்றாள். "மேசை டிராயரத் திறந்து பாரு" என்றாள் புஷ்பவதி. கருவி டிராயரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போன வாரம் யாரோ சகலைக்குக் காட்டுவதற்காகக் கழற்றி எடுத்து வந்த தங்கராஜு அதைத் திருப்பி மாட்டவில்லை.

போலீஸ் பலாயில் ரிப்போர்ட் எழுதிய மலாய்க்காரக் கார்ப்பரல் பொறுமைசாலி. வண்டிக்கு எத்தனை சாவி என்று கேட்டார். இரண்டு என்றார் தங்கராஜு. ஒன்று இங்கே இருக்கிறது, மற்றது யாரிடம் இருந்தது? தங்கராஜு ரவிச்சந்திரனைப் பார்த்தார். ரவிச்சந்திரன் தொண்டையைச் செருமி, எங்கள் தத்தோவிடம் இருந்தது என்று மலாயில் சொன்னார். மலாயில் தத்தோ என்றால் காவல்சாமியும் ஆகும், தாத்தாவும் ஆகும். கார்ப்பரல், அந்தப் பெரியவரின் பெயர், அடையாளக் கார்டு நம்பர் என்ன என்று கேட்டார். பின்னால் நாற்காலியில் இருந்த புஷ்பவதி, "சொல்லுங்க தலைவரே, முகவரியும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். இன்சூரன்ஸ்காரன் அதைவிடச் சுருக்கமாக இருந்தான். இரண்டு சாவியும் கையில் இருந்தால் வாருங்கள் என்று போனை வைத்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். துக்கம் கேட்க வருவதுபோல வந்து, தேநீர் குடித்து, திருட்டைத் தடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கவேண்டும் என்றார் ஒருவர். இரண்டு நாய் கட்டியிருக்கலாம் என்றார் இன்னொருவர். பேஸ்புக்கில் இருந்த பூசைப் படத்தை முகுந்தன் போட்டுப் பார்த்தபோது, தங்கராஜு கம்பளத்தைத் தூக்கிக் காட்ட, நீலச் சட்டைக்காரன் ஒருவன் பிரியாணித் தட்டோடு குனிந்து கவனமாகப் பார்ப்பது தெரிந்தது. கோழிக்கால் ஒன்று கூடுதலாகவே அவனுக்கு வைத்திருந்தார்கள். யார் வீட்டு ஆள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டு ஆள் என்றார்கள்.

கோவில் கமிட்டி அவசரமாகக் கூடியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். டாக்டரும் வக்கீலும் வந்திருந்தார்கள். இனிமேல் சாவிகளை அரிவாளின் நுனியில், இன்னும் ஒரு முழம் உயரத்தில் கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று.

"ஸ்டூல எடுத்து வைக்கிறதப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?" என்று கேட்டாள் புஷ்பவதி. பேசவில்லை.

அவள் ஹாலுக்குத் திரும்பினாள். டிவி அணைவதற்காகக் காத்திருந்தாள். ரோகினி நல்ல பெண். ஒருநாள் மாமியார் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க எங்க ரூம்ல படுங்க, நாங்க ஹால்ல படுத்துக்கறோம்" என்றாள். வேண்டாம்மா என்றாள் புஷ்பவதி. வேண்டாம் என்று சொல்வாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக ரோகினி சொன்னதில் பொய் இருந்தது என்று ஆகாது.

லுக்குட் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் ஒரு வேன் நிற்கிறது என்று பழம் ஏற்றும் லோரிக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். பச்சைப் பூப்போட்ட திரைச்சீலையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். போய்ப் பார்த்தார்கள். இன்ஜின் இல்லை. கியர்ப் பெட்டி இல்லை. புது டயர்கள் நான்கும், பேட்டரியும், அந்த மஞ்சள் தடியும் இல்லை. வேன் வயிற்றை மண்ணில் வைத்து உட்கார்ந்திருந்தது. தங்கராஜு முன்பக்கத்தைத் திறந்து, காலியான இடத்தைப் பார்த்து, நெற்றியில் கைவைத்து நின்றார்.

புஷ்பவதி பக்கக் கதவைத் தள்ளினாள். கட்டில் இருந்தது. மெத்தை மேல் சருகு. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. எடுத்தாள். மறுபடி போட்டாள்.

"பாத்தீங்களா அண்ணி, முனியாண்டி காட்டிக் குடுத்துட்டாரு" என்று வெளியே ரவிச்சந்திரன் சொல்வது கேட்டது.

"சாவியும் அவர்தான குடுத்தாரு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

போலீஸ் வந்து பார்த்து, படமெடுத்து, எடுத்துப் போகலாம் என்று சொல்லச் சில நாள் ஆயிற்று. அதற்குள் தங்கராஜுவிடம் திட்டம் தயார். பழைய இன்ஜின் ஒன்று போட்டுவிடலாம், இந்தத் தடவை ரகசிய ஸ்விட்ச் இரண்டு வைக்கலாம், ஒன்று பொய், ஒன்று நிஜம். எது பொய் எது நிஜம் என்று ரவிச்சந்திரனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

லோபாக்கிலிருந்து இழுவை லோரியோடு வந்த சீனர், நான்கு வழுக்கை டயர்களை மாட்டி, வேனைத் தூக்கி ஏற்றினார். எங்கே இறக்கவேண்டும் என்று கேட்டார்.

"ஒர்க் ஷாப்புக்கு" என்றார் தங்கராஜு.

புஷ்பவதி லோரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "ராசா. ரூமா" என்றாள். வீட்டுக்கு.

"ஏம்மா, இன்ஜின் இல்லாத வேன வீட்ல வெச்சிக்கிட்டு என்னா செய்யறது?" என்றார் தங்கராஜு.

"தூங்கறது."

"அப்ப ஓட்ட வேணாமா?"

"நீங்க ஓட்டினது போதும்ங்க. இன்ஜின் இருந்தா நாலு பேரு வருவான். நீங்க காட்டுவீங்க. இனிமே இதுல திருடறதுக்கு ஒண்ணும் இல்ல, காட்டறதுக்கும் ஒண்ணும் இல்ல."

சீனருக்குத் தமிழ் தெரியாது. யார் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. வண்டியைக் கிளப்பினார்.

ராசாவில் லோரி வீட்டு முன்னால் வந்து நின்றபோது, போர்ச்சில் முகுந்தனின் காடி துணிபோர்த்தி நின்றது. அன்று அவனுக்கு விடுமுறை. கையில் தேநீரோடு வெளியே வந்தான்.

"காடிய எடுப்பா" என்றாள் புஷ்பவதி.

"மா, எங்க வைக்கிறது? ரோட்ல வெச்சா வெயிலு, மழ. யாராச்சும் தூக்கிட்டுப் போனா?"

"எப்படித் தடுக்கறதுன்னு உங்கப்பாவக் கேளு."

முகுந்தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கேட்டின் கொண்டியைப் பார்த்தார். ரோகினிதான் உள்ளே போய்க் காடிச் சாவியை எடுத்து வந்து கணவன் கையில் வைத்தாள். முகுந்தன் துணியை உருவி, மடித்து, காடியை ரோட்டுக்கு எடுத்தான். வேன் உள்ளே போனது. இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் மிச்சம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார் சீனர்.

புஷ்பவதி மெத்தையை வெயிலில் தட்டிப் போட்டாள். திரைச்சீலையைத் துவைத்துக் காயவைத்து மாட்டினாள். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பைத்தியம் என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஹால்வரை கேட்டது. சற்று நேரத்தில் முகுந்தன் ஏதோ தேடிக்கொண்டு வந்தான். பழக்கதோஷத்தில் கதவை இழுத்தான். வரவில்லை. நின்று யோசித்தான். பிறகு விரல் முட்டியால் தட்டினான்.

"மா, என் நீலப் பைய எங்க வெச்சீங்க?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"பொண்டாட்டியக் கேளு" என்றாள் புஷ்பவதி. "நான் படுத்திருக்கேன்."